பிடுங்காத முன்பல்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பல்வலிக்கு ஒரே வைத்தியம்தான். பிடுங்குவது. முன்பல்லா கடைவாய்ப் பல்லா, வெறும் கூச்சமா, ஓட்டையா, வீக்கமா என்ற ஆராய்ச்சிக்கெல்லாம் இங்கே வேலை இல்லை. வலிக்கிறதா, பிடுங்கு. அரைநாளில் காரியம் முடிந்துவிடும். அடைப்பதென்றால் ஆஸ்பத்திரிக்குப் போய் நம்பர் எடுத்து, மறுபடி போய்ச் சுரண்டி, மறுபடி போய் அடைத்து, இடையில் டாக்டர் லீவு என்று திரும்பி வந்து, ஒவ்வொரு தரமும் ஒரு பேர் போகும். எங்களுக்குப் பேர் என்றால் ஒரு நாள் வேலை. மலைக்குப் போகாதவளுக்குப் பேர் விழாது, பேர் விழாதவளுக்குச் சம்பளம் விழாது. ஒரு பல்லைக் காப்பாற்றுவதற்காக இத்தனை பேரை இழக்க எந்தக் கொழுந்துக்காரிக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை.

அதனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள் சேர்ந்து நின்று படம் எடுத்தால் எல்லாரும் யார் மேலோ கோபமாக இருப்பது போலத் தெரியும். கோபமெல்லாம் ஒன்றுமில்லை. வாயைத் திறந்தால் காட்டுவதற்கு உள்ளே சரக்கில்லை, அவ்வளவுதான்.

நான் இந்த லயத்தில் பிறந்து, ஹட்டனில் படித்து, கல்வியியற் கல்லூரியையும் முடித்துவிட்டு, பிறந்த தோட்டத்துப் பாடசாலைக்கே ஆசிரியையாக வந்து சேர்ந்தவள். படித்த பெண் என்பதால் என் பற்கள் மட்டும் படித்துவிடவில்லை. சின்ன வயதில் உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டே வெறுந்தேத்தண்ணி குடித்து வளர்ந்த பற்கள் அவை. வேலைக்கு வந்த பிறகு பிள்ளைகளின் பிறந்தநாள் டொபிகள் வேறு. எங்கள் பாடசாலையில் யாருக்காவது பிறந்தநாள் இல்லாத நாளே கிடையாது. வேண்டாம் என்று சொன்னால் பிள்ளையின் முகம் வாடிவிடும். இப்படியாக ஊருக்கெல்லாம் இரக்கப்பட்டு மேல்வரிசை முன்பல் ஒன்றின் ஓரத்தில் கறுப்பாக ஒரு ஓட்டையைச் சம்பாதித்துக்கொண்டேன். போதாததற்கு, ஒரு நாள் காலையில் அவசரமாக ரொட்டியைக் கடித்தபோது அந்த ஓரம் உடைந்து ரொட்டியோடு போய்விட்டது. அதை நான் விழுங்கியும் விட்டேன்.

அன்றிலிருந்து சிரிப்பை நிறுத்தினேன். சிரிப்பு வந்தால் உதட்டை இறுக்கிக்கொள்வேன். அதுவும் முடியாமல் போனால் கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையாவது எழுதுவேன். பிள்ளைகளுக்கு இந்த ரகசியம் தெரியாது. 'அந்த டீச்சர் சிரிக்கவே மாட்டாங்க' என்று பயந்து நடுங்கின. என் வகுப்பில் ஒரு சத்தம் இராது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் அதிபர் ஒரு நாள் ஆசிரியர் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தினார்.

"எல்லாரும் இந்த ரீச்சரைப் பாத்துப் படியுங்கோ. பிள்ளையளோட பல்லைக் காட்டிச் சிரிக்கிறேல்லை. அதாலதான் அந்த வகுப்பு இவ்வளவு ஒழுங்கா இருக்குது."

எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு சொத்தைப் பல் இலங்கையின் கல்வித் துறைக்கு ஆற்றிய சேவை இது. நான் உதட்டை இறுக்கிக்கொண்டே நன்றி சொன்னேன்.

பாடசாலையில் கிடைத்த மரியாதை கல்யாணச் சந்தையில் கிடைக்கவில்லை. கொழும்பில் கடை வைத்திருந்த ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. நான் தேத்தண்ணி கொடுத்தேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன், பல் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். போய் ஒரு வாரத்தில் சொல்லி அனுப்பினார்கள்: பொண்ணு சிரிக்கவே மாட்டேங்குது, டீச்சர்ங்கிற திமிரு, நமக்குச் சரிப்படாது. எனக்கு அந்தக் கடைக்காரர் மேல் எந்த ஆசையும் இருக்கவில்லை. ஆனாலும் திமிர் என்ற பட்டத்தை வாங்கியது வயிற்றெரிச்சலாக இருந்தது. உண்மையிலேயே திமிர் காட்டிவிட்டு அதை வாங்கியிருந்தால் பரவாயில்லை.

என் கல்யாணத்தைத் தன் தலையில் தூக்கிச் சுமந்துகொண்டு திரிபவர் என் அத்தை. அப்பாவின் தங்கை. அப்பா இறந்த பிறகு, யாரும் கேட்காமலே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர். கொழுந்து மலையில் இருந்துகொண்டே கைபேசியில் நாலு தோட்டத்துச் சம்பந்தங்களைப் பேசி முடிக்கும் திறமைசாலி.

"ஏன்டி, இஞ்சி தின்ன கொரங்கு மாதிரி மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தா எவன்டி கட்டுவான்? பேசாம அந்தப் பல்ல பிடுங்கிட்டு ஒரு கட்டுப்பல்லு போட்டுக்க. அரை நாளு வேல" என்றார்.

என் அம்மாவும் தலையாட்டினார். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறவர். அவருடைய வாயில் மேலே நாலும் கீழே சிலவும் மிச்சம். அந்த நாலையும் அவர் காப்பாற்றி வைத்திருப்பது ரொட்டிக்காக, அழகுக்காக அல்ல. நான் முடியாது என்றேன். ஓரம் மட்டும் உடைந்த பல்லை, வேர் உறுதியாக இருக்கும் பல்லை எதற்குப் பிடுங்க வேண்டும்? "புடிவாதம்" என்றார் அத்தை. படித்ததனால் வந்த இன்னொரு வியாதியாக அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

அப்போதுதான் அடுத்த சம்பந்தம் வந்தது. உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, வலப்பனையில் தபால் கந்தோரில் வேலை பார்க்கிற ஒருவர். அத்தை ஒருவர் நம்பரை மற்றவருக்குக் கொடுத்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேசிப் பார்க்கட்டும் என்ற தாராள மனசு. பேசிப் பார்த்தோம். அந்த மனிதர் பேசினால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தபால் கந்தோருக்கு வந்து கடிதத்தைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போடுகிறவர்கள், முத்திரையை நாக்கை நீட்டி நக்கிக் காட்டிச் சரியா என்று கேட்கிறவர்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு கதை வைத்திருந்தார். போனில் பல் தெரியாது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த காம்பிரா வீட்டிலிருந்து சுவரைத் தட்டினார்கள், அப்போதும் சிரித்தேன்.

"போன்ல இப்படிச் சிரிக்கிறீங்க. போட்டோவுல மட்டும் ஏங்க என்னையே மொறைக்கிற மாதிரி இருக்கீங்க?" என்று அவர் ஒரு நாள் கேட்டார்.

பேச்சை மாற்றினேன். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதை வெட்கப்படாமலே எழுதுகிறேன், மிகவும் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய அம்மாவோடு பெண் பார்க்க வருவதாக முடிவானது. அந்த வீட்டில் அம்மா சொல்வதுதான் சட்டம் என்று அத்தை விசாரித்து வைத்திருந்தார். அந்த அம்மாவும் 'திமிரு' என்று சொல்லிவிட்டுப் போனால் எல்லாம் முடிந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்து இந்த மனிதரை இழக்க எனக்கு மனமில்லை.

சனிக்கிழமை காலையில் ஹட்டனுக்குக் கிளம்பினேன். பஸ் நிலையத்துக்கு மேலே ஒரு மாடியில் தனியார் பல் வைத்தியசாலை இருந்தது. வாசலில் பெரிய பலகை: 'பற்களின் நிறத்திலேயே அடைக்கப்படும்'. பக்கத்தில் பால் வெள்ளைப் பற்களோடு ஒரு வெளிநாட்டுப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். எந்தப் பற்களின் நிறம் என்பதைப் பலகை எழுதியவர் சொல்லவில்லை. தேத்தண்ணி குடித்துப் பழுத்த எங்கள் பற்களும் அவர் கணக்கில் உண்டா என்று யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

தனியாகத்தான் போக நினைத்தேன். எங்கள் தோட்டத்தில் தனியாக எங்கேயும் போக முடியாது. அத்தை வந்தார். அத்தை வந்ததால் அம்மா வந்தார். அம்மா வருவதைப் பார்த்துப் பக்கத்துக் காம்பிரா அக்காவும், தனக்குத் துணி வாங்க வேண்டும் என்று சொல்லிச் சேர்ந்துகொண்டார். ஒரு முன்பல்லின் ஓரத்தை அடைக்க நாலு பெண்கள் மாடிப்படி ஏறினோம்.

டாக்டர் சிங்களப் பெண். இளவயது, அமைதியான முகம். சிங்களத்தில் தொடங்கி, எங்களுக்கு விளங்குகிற அளவுக்குத் தமிழில் முடித்தார்.

"நங்கி, கட அரின்ன. வாய் நல்லா தொறங்க."

திறந்தேன். பார்த்தார், தட்டினார், பிடுங்கத் தேவையே இல்லை என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கொத்தை எடுத்தார். வரிசையாகக் கோத்த சின்னச் சின்னப் பற்கள். ஒவ்வொன்றும் ஒரு நிறம். வெள்ளையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து பழுப்பு என்று இறங்கிக்கொண்டே போனது. அதில் ஒன்றை என் பல்லோடு ஒட்டிவைத்துப் பார்த்து, "இதுதான் சரி" என்றார். பழுப்புப் பக்கம் சாய்ந்த நிறம். வாங்கிப் பார்த்த எனக்கே முகம் வாடியது. ஆனால் அது என் பல்லின் நிறம்தான். பொய்யில்லை.

அத்தை எழுந்தார். எங்கள் அத்தைக்கு ஒரு கொள்கை உண்டு. ஹட்டன் புடவைக் கடைகளில் முதலில் எடுத்துப் போடுகிற சேலையை அவர் கையாலும் தொடமாட்டார். விற்காததைத்தான் முதலில் காட்டுவார்கள், நல்லதெல்லாம் உள்ளே வைத்திருப்பார்கள் என்பது அவருடைய அனுபவம். அவர் மட்டுமல்ல, எங்கள் தோட்டத்துப் பெண்கள் எல்லாரும் அப்படித்தான். காலம் காலமாக மட்டமான அரிசியையும் மட்டமான சீலையையும் எங்கள் தலையில் கட்டியவர்கள் கற்றுக்கொடுத்த பாடம் அது.

"டாக்டரம்மா, இது அழுக்கு கலருங்க. வேற காட்டுங்க. நல்ல வெள்ளையா."

"அம்மா, இவங்க பல்லுக்கு இது சரி."

"நாளைக்குப் பொண்ணு பாக்க வாராங்க. அழுக்குக் கலரு போட்டு அனுப்புனா எப்படிங்க?"

டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு, முதலில் ஓட்டையைச் சுத்தம் பண்ணலாம், அதற்குள் நீங்கள் யோசியுங்கள் என்று அர்த்தம் வரும்படி ஏதோ சொன்னார். அவர் செய்த ஒரே பிழை அந்த நேரத்தை எங்கள் கையில் கொடுத்ததுதான். என் உதட்டுக்குள் பஞ்சைத் திணித்தார், எச்சில் உறிஞ்சும் குழாயை வாய்க்குள் கொழுவினார், மெஷினை எடுத்துக் கறுப்பையெல்லாம் குடைந்தார், காற்றை ஊதி ஊதிப் பல்லைக் காயவைத்தார். அப்படிக் காய்ந்துகொண்டிருந்தபோது அத்தை அந்த நிறக்கொத்தோடு கதவு வாசலுக்குப் போனார்.

வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமாம். புடவையையும் அப்படித்தானே பார்ப்போம். கடைக்குள் லைட்டுக்குக் கீழே ஒரு நிறம், தெருவில் ஒரு நிறம். அம்மாவும் பக்கத்துக் காம்பிரா அக்காவும் வாசலில் கூடினார்கள். வெளியே பெஞ்சில் தாடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களும் தங்கள் வலியை மறந்து கருத்துச் சொன்னார்கள். ஒருவர் தந்தம் போல இருக்கட்டும் என்றார். இன்னொருவர், எதற்கும் சலவை செய்தால் மங்கும், ஒரு படி கூடவே வெள்ளையாகப் போடுங்கள் என்றார். பல்லை யார் சலவை செய்யப் போகிறார்கள் என்று கேட்க எனக்கு வழியில்லை. என் பல்லைப் பற்றிப் பேச முடியாமல் அங்கே கிடந்தவள் நான் மட்டும்தான்.

அவர்கள் ஒரு முடிவோடு திரும்பி வந்து, தேர்ந்தெடுத்த நிறத்தை என் பல்லோடு ஒட்டிப் பார்த்தார்கள். என்ன ஆச்சரியம், பொருந்தியது. டாக்டர் முதலில் வைத்த பழுப்பு இப்போது இருட்டாகத் தெரிந்தது. அத்தையின் முகத்தில் வெற்றி.

"பாத்தீங்களா? நா சொன்னேன்ல."

"இல்ல அம்மா" என்றார் டாக்டர், பொறுமையாக. "பல்லு காஞ்சிருக்கு. காஞ்சா வெள்ளை தெரியும். எச்சில் வந்தா, கொஞ்ச நேரம் போனா, பழைய கலர் வரும். இப்ப பாக்க வேணாம்."

"காஞ்சா சாயம் போகும், நனைஞ்சா திரும்பி வருமாங்க?" அத்தை என் அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தார். பழைய ஸ்டொக்கைத் தள்ளப் பார்க்கிறாள் என்று அர்த்தம்.

டாக்டர் என் கையில் கண்ணாடியைக் கொடுத்துக் கேட்டார். கண்ணாடியில் பார்த்தேன். காய்ந்துபோன என் பற்கள் வெள்ளையாக இருந்தன. அவ்வளவு வெள்ளையாக என் பற்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வலப்பனைத் தபால் கந்தோர்க்காரர் எதிரே உட்கார்ந்து முத்திரைக் கதை சொல்வது போலவும், நான் இந்தப் பற்களோடு சிரிப்பது போலவும் ஒரு நினைப்பு ஓடியது. தலையை ஆட்டிவிட்டேன். டாக்டர் பெருமூச்சு விட்டார். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள்.

நீல நிறத்தில் ஒரு களிம்பைப் பூசிக் கழுவினார். மாவு போன்ற ஒன்றைச் சின்னக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக அப்பி, நீல வெளிச்சத்தைக் காட்டி இறுக்கினார். தேய்த்து மினுக்கினார். கடித்துப் பார், நாக்கால் தடவிப் பார் என்றார். உடைந்த ஓரம் வழுவழுவென்று திரும்பி வந்திருந்தது. என் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு பல்லுக்கு அழுகிறாளே என்று நினைப்பீர்கள். அந்த நிமிடம் அது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துச் சும்மா சிரித்துக்கொண்டே வந்தேன். பின்னேரம் வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தபோதுதான் டாக்டர் சொன்னது விளங்கியது. எச்சில் ஊற ஊற என் பற்கள் எல்லாம் தங்கள் பழைய தேத்தண்ணி நிறத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. அடைத்த ஓரம் மட்டும் வரவில்லை. கறுப்பு ஓட்டை இருந்த இடத்தில் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஒரு வெள்ளைத் துண்டு பளீரென்று நின்றது. முன்பு கிட்டே வந்தவருக்கு மட்டும்தான் தெரிந்தது. இப்போது மேல் லயத்திலிருந்தே தெரியும்.

"அவ மட்டமான சாமான போட்டுட்டா" என்றார் அத்தை. தான் கதவு வாசலுக்குப் போனதை அவர் அப்போதே மறந்துவிட்டார்.

செய்தி பரவியது. லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, புது வீட்டைச் சுற்றிப் பார்ப்பது போல என் வாயைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடைப்பது என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கினேன். யாருக்கும் அதில் அக்கறை இல்லை. பல் என்றால் ஒன்று சொந்தப் பல், இல்லாவிட்டால் கட்டுப்பல். நிறம் மாறித் தெரிந்தால் கட்டுப்பல்தான். டீச்சர் முன்பல்லைப் பிடுங்கிவிட்டு ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறாள் என்று இருட்டுவதற்குள் தோட்டம் முழுவதும் முடிவாகிவிட்டது. டாக்டரிடம் திரும்பிப் போகலாம் என்றால் அவர் ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் இருப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் வந்து இறங்கினார்கள். அவர், அவருடைய அம்மா, ஒரு மாமா. அந்த அம்மா ஒல்லியான உடம்பு, ஆயுள் முழுக்கக் கொழுந்துக் கூடை சுமந்து முன்னுக்கு வளைந்த தோள். உட்கார்ந்ததும் கண்ணால் வீட்டை அளந்தார். பேசும்போது வாய்க்குள் 'கிளிக் கிளிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மேலும் கீழும் முழு வரிசைக் கட்டுப்பல். வெள்ளை வெளேரென்று, ஒன்று போல ஒன்றாக இருந்தது.

என்னை அத்தை ஏற்கெனவே பழக்கி வைத்திருந்தார். அளவாகச் சிரி, மேல் உதட்டைத் தூக்காதே, தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிக்கொள். நானும் அப்படியே தேத்தண்ணித் தட்டோடு வந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். போனில் கேட்ட குரலுக்கு ஏற்ற முகம். 

"வர்ற வழியில மாமா ரெண்டு தரம் வாந்தி எடுத்துட்டாருங்க" என்றார் அவர். "வேன்ல ஏறுறதுக்கு முன்ன வயித்துக்கு நல்லதுன்னு பத்து இஞ்சி டொபி தின்னாரு. இறங்குனதும் மிச்சம் இருக்கான்னு கேக்குறாரு."

அவ்வளவுதான். அத்தை கற்றுக்கொடுத்தது எல்லாம் காற்றில் போனது. நான் சிரித்துவிட்டேன். மேல் உதடு, கீழ் உதடு, எல்லாம் விலகிய சிரிப்பு. அவரும் சிரித்தார். அவருடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் வாயையே பார்த்தார்.

"டீச்சரம்மா, அந்த முன்பல்லு கட்டுப்பல்லுங்களா?"

நான் சட்டென்று வாயை மூடிக்கொண்டேன்.

"இல்லிங்க" என்றார் அத்தை அவசரமாக. "சொந்தப் பல்லுதான்."

"எனக்குத் தெரியாதுங்களா? நானே மேலயும் கீழயும் போட்டிருக்கேன். ஒரு பல்லு மட்டும் கலர் மாறித் தெரியுது. முப்பத்தொண்ணுன்னு சொன்னீங்க. இந்த வயசுல முன்பல்லு எப்படிங்க போகும்? வயசக் கொறச்சு சொல்லியிருந்தா இப்பவே சொல்லிருங்க. அப்புறம் பேச்சு வேணாம்."

மாட்டைப் பிடித்துப் பல்லை எண்ணி வயது சொல்வார்களே, அதே கணக்குத்தான். என் அம்மா அடுப்படியில் நின்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமா எழுந்துவிட்டார். அந்த அம்மாவும் எழுந்து, "யோசிச்சுச் சொல்லி அனுப்புறோம்" என்றார். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டுக்கு நன்றாகத் தெரியும்.

"சத்தியமா சொந்தப் பல்லுங்க!" அத்தை குறுக்கே போய் நின்றார். "சந்தேகம்னா நீங்களே இழுத்துப் பாருங்க!"

இப்படி ஒரு பேச்சை எந்தச் சபையிலும் நான் கேட்டதில்லை. அதைவிட அதிசயம், அந்த அம்மா அதை மறுக்கவில்லை. தேத்தண்ணிக் கிளாஸை வைத்துவிட்டு முந்தானையில் விரல்களைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அம்மா, என்னம்மா இது!" என்று அவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

நான் அவரை உட்காரச் சொல்லிக் கை காட்டினேன்.  திமிர் என்றார்கள், இப்போது வயது என்கிறார்கள். இழுத்தே பார்க்கட்டும். படித்த படிப்பு, ஆசிரியை என்ற மரியாதை, அதிபர் வாங்கிக்கொடுத்த கைதட்டல் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, என் சொந்த வீட்டின் முன்னறையில், என்னைக் கட்டிக்கொள்ள வந்தவருக்கு முன்னால் வாயைத் திறந்தேன்.

அந்த அம்மா இரண்டு விரலால் பல்லைப் பிடித்து இழுத்தார். வெற்றிலையும் சுண்ணாம்பும் கலந்த வாசம். பல் அசையவில்லை. இடம் வலமாக ஆட்டினார். அசையவில்லை. கழற்றுகிற கொக்கி எங்காவது இருக்கிறதா என்று விரலால் உள்பக்கம் தடவிப் பார்த்தார். கடித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கடிக்கவில்லை.

"வரலியே" என்றார். கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். சந்தேகம் போயிருந்தது. அந்த இடத்தில் வேறு ஏதோ வந்திருந்தது.

"ஒங்க பல்லுதான். அப்ப அந்த வெள்ள என்னா?"

"சொத்தை விழுந்து ஒடஞ்சு போச்சுங்க. அழுகினத மட்டும் சுரண்டி எடுத்துட்டு, அந்த எடத்த அடைச்சிருக்காங்க. நெறம்தான் சரியா வரல."

"சொத்தப் பல்லயா? பிடுங்காமலா?"

"பிடுங்காமத்தாங்க."

 அந்த அம்மாவின் வாய்க்குள் கிளிக் சத்தம் ஒரு தரம் கேட்டு நின்றது.

"எனக்கும் சொத்ததான்" என்றார் மெதுவாக. "எல்லாம் சொத்ததான். அப்ப என் பல்லயெல்லாம் இந்த மாதிரி அடைச்சிருக்கலாமா?"

அத்தை பாய்ந்து பதில் சொன்னார். "அதெல்லாம் இப்ப வந்ததுங்க. ஒங்க காலத்துல ஏதுங்க இது? யாருக்குத் தெரியும்?" சொல்லிக்கொண்டே என் இடுப்பைக் கிள்ளினார். ஆமாம் என்று சொல் என்று அர்த்தம். சொன்னால் அந்த அம்மா சமாதானமாகி உட்கார்ந்துவிடுவார். சம்பந்தம் முடிந்துவிடும்.

அந்த அம்மா அத்தையைப் பார்க்கவில்லை. "நீங்க படிச்சவுங்க. நீங்க சொல்லுங்க டீச்சரம்மா."

வெள்ளையாக அடைப்பது புதிது என்பது உண்மை. ஆனால் அடைப்பது புதிதல்ல. நான் ஹட்டனில் படித்தபோது எங்கள் வயதான ஆசிரியைகள் கொட்டாவி விட்டால் கடைவாயில் வெள்ளி நிறம் மின்னும். அவர்களும் இந்த அம்மாவின் வயதுக்காரர்கள்தான். தோட்டத்துத் தொரை வீட்டில் அடைத்தார்கள், கந்தோர் கிளாக்கர் வீட்டில் அடைத்தார்கள், லயத்தில் பிடுங்கினார்கள். எதிரே தபால் கந்தோர்க்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எனக்கு வேண்டும் என்று அவ்வளவு ஆசைப்பட்டேன். அந்த ஆசைக்காக அவருடைய அம்மாவிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அடைச்சிருக்கலாம்மா" என்றேன். "அப்ப வெள்ளி நெறத்துல அடைப்பாங்க. டவுன் ஆஸ்பத்திரியில அடைச்சாங்க. எல்லாத்தையும் இல்லாட்டியும் பாதியையாவது காப்பாத்தியிருக்கலாம்."

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். மாமா வாசலைப் பார்த்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அந்த அம்மா திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மகனைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளையவே கட்டிக்க. நாள் பாக்கச் சொல்லு."

மகன் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன், வெள்ளைத் துண்டும் தேத்தண்ணிப் பற்களும் எல்லாம் தெரிய. வெட்கமே இல்லை. அடுப்படியில் என் அம்மா அழும் சத்தம் கேட்டது. அத்தை அதற்குள் எந்த மாதம், எந்தக் கோயில் என்று ஆரம்பித்துவிட்டார். அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளையின் அம்மா பேசியதை மற்றவர்கள் கேட்கவில்லை. என் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"கடைசி மூணு பல்லு நல்லாத்தான் இருந்துச்சு. செட்டு வைக்க எடைஞ்சலா இருக்குன்னு அதயும் எடுத்தாங்க. ஒவ்வொரு தரமும் நோவுதுன்னுதான் போனேன் தாயி. அடைக்கவா, பிடுங்கவான்னு யாரும் கேக்கல. எந்தப் பல்லுன்னு மட்டுந்தான் கேட்டாங்க."